சர்வர் சுந்தரத்திலிருந்து வில்லாபுரம் சர்வர் வரை

மலர்க் குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்தார். "கம்ப்யூட்டர் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க தம்பி. ஏ.ஐ. பத்தின்னா இன்னும் நல்லாருக்கும்" என்றார். ஏ.ஐ. பற்றி எப்படியும் இந்த மலரில் மூன்று கட்டுரைகள் இருக்கும். அதில் ஒன்றை ஏ.ஐ.யே எழுதியிருக்கும். அதனால் அந்த விஷயத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உள்ள ஒன்றை எழுதுகிறேன். வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்வது, அதன் பூர்வீகம், அதில் நம்ம மதுரைப் பக்கத்தின் பங்கு. பங்கு என்று ஒன்று இருக்கிறது, நம்புங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்நாட்டில் சர்வர் என்றால் 1964-இல் வந்த நாகேஷ் படம்தான் பலருக்கு ஞாபகம் வரும். எங்க அம்மாவிடம் "வீட்ல ஒரு சர்வர் வெச்சிருக்கேம்மா" என்றபோது, "டீ காப்பி கொண்டாந்து குடுப்பாராக்கும்?" என்று கேட்டார். யோசித்தால் அம்மா கேட்டது சரிதான். கேட்டதை எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பது சர்வர். கேட்கிறவர் கிளையன்ட். ஹோட்டலிலும் அதே, கம்ப்யூட்டரிலும் அதே. குளிரூட்டிய அறை, கண் சிமிட்டும் நீல விளக்குகள், வாசலில் செக்யூரிட்டி என்பதெல்லாம் பின்னால் வந்த அலங்காரம்.

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர். 1990 கடைசியில் ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தன்னுடைய நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் அதை ஓட்டினார். யாராவது விளக்கை அணைக்கிற மாதிரி இதையும் அணைத்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று, 'இது சர்வர், ஆஃப் பண்ணாதீர்கள்' என்ற பொருளில் ஒரு சீட்டு ஒட்டி, அதன்மேல் சிவப்பு மையால் எழுதியும் வைத்தார். அந்தச் சீட்டோடு அந்தக் கம்ப்யூட்டரைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டில் அதே வாசகம் தமிழில் ஒட்டியிருக்கிறது. அப்பா கரண்ட் பில் விஷயத்தில் கறார்.

அதற்கும் இருபது வருடம் முன்னால் போனால், இன்றைக்கு உலகில் பெரும்பாலான சர்வர்கள் ஓடுகிற விதத்துக்கே மூலம் ஒரு விளையாட்டு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ஸன், சூரிய மண்டலத்துக்குள் கப்பல் ஓட்டும் 'ஸ்பேஸ் டிராவல்' என்ற கேம் எழுதியிருந்தார். பெரிய கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆட ஏறக்குறைய 75 டாலர் ஆனது. கம்பெனிப் பணம் என்றாலும் உறுத்துமல்லவா? மூலையில் யாரும் அதிகம் தொடாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சின்ன மெஷினுக்கு கேமை மாற்றினார். மாற்றும்போது அந்த மெஷினைப் பழகிக்கொண்டார். மனைவி குழந்தையோடு ஊருக்குப் போயிருந்த சில வாரங்களில் அதே மெஷினுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதி முடித்தார். அதுதான் யூனிக்ஸ். 1991 ஆகஸ்டில் ஹெல்ஸிங்கியில் ஒரு மாணவர், லினஸ் டார்வால்ட்ஸ், அதைப் பார்த்துத் தன்னுடைய 386 கம்ப்யூட்டரில் பொழுதுபோக்காக ஒன்று எழுதுவதாக அறிவித்தார். அது லினக்ஸ். ஹாஸ்டலில் கேம் ஆடுவதைப் பிடித்து ஃபைன் போட்ட வார்டன்களுக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் கல்வி நிறுவனங்களோடு நின்றது. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். கதவைத் திறந்தது. மாணவர்களுக்குக் கிடைத்தது ஷெல் அக்கவுண்ட்: எழுத்து மட்டும் வரும், படம் வராது. மோடம் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தும், லைன் போகும், மறுபடி டயல் செய்யவேண்டும். 1998 நவம்பரில் தனியார் இன்டர்நெட் கம்பெனிகளை அனுமதித்தார்கள். அப்புறம் டவுன்ஹால் ரோட்டிலும் பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் பிளைவுட் தடுப்பு போட்ட பிரௌஸிங் சென்டர்கள் முளைத்ததை நம் சீனியர்கள் நேரில் பார்த்திருப்பார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது 256 கிலோபிட் வேகம் என்பது பெரிய பேச்சு. இந்தக் கதையெல்லாம் அவர்களுக்குத் தெரிந்ததே, அதிகம் நீட்டவில்லை.

அவர்களிலும் அதிகம் பேருக்குத் தெரியாத கதை மேலூரில் நடந்தது.

நம் கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் மேலூர் தாலுகாவில், 2001-இல் 'சாரி' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு திட்டம் தொடங்கியது. கிராமப்புற இந்தியாவுக்கு நீடித்து நிற்கக்கூடிய இணைப்பு என்பது அதன் விரிந்த பெயரின் பொருள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற வயர்லெஸ் தொழில்நுட்பம், என்-லாக் என்ற கம்பெனி, கூடவே ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள். கிராமத்தில் ஒருவர் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர், வெப் கேமரா, பிரின்டர், பேட்டரி எல்லாம் வைத்து ஒரு மையம் நடத்துவார். கூரைமேல் ஒரு ஆன்டெனா. டவரை நேர்க்கோட்டில் பார்த்தால் சுமார் பத்து கிலோமீட்டர் வரை இணைப்பு கிடைக்கும். வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய கணக்கில் அது கொசுக்கடி. ஆனால் அன்றைக்கு மதுரை டவுனுக்குள் டயல்-அப்பில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைவிட அந்தக் கிராமங்கள் ரொம்பப் பின்தங்கியிருக்கவில்லை.

என்ன செய்தார்கள் அதில்? சான்றிதழுக்கான மனுவைத் தாலுகா ஆபீஸுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். கண்ணை வெப் கேமராவில் படம் எடுத்து அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேட்டார்கள். பையன்கள் டைப்பிங் கற்றுக்கொண்டார்கள். ஜாதகம் பார்த்தார்கள். கேம் ஆடினார்கள். (திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் கேமைக் கடைசியில் போடுவார்கள். மையம் நடத்துகிறவரைக் கேட்டால் முதலில் போடுவார் என்பது என் அபிப்பிராயம்.)

பிறகு மையங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஐந்தாறு வருடங்களில் பெரும்பாலானவை இல்லை. திட்டத்தில் இருந்த ஆராய்ச்சியாளர்களே இதைப் பூசி மெழுகாமல் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும். வருமானம் கட்டுப்படியாகவில்லை. ரிப்பேர் என்றால் வந்து பார்க்க ஆள் இல்லை. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் தாலுகா ஆபீஸ் பக்கத்திலிருந்து பதில் வருவது நின்றது. மனுவுக்குப் பதில் வராவிட்டால் எவன் காசு கொடுத்து மனு அனுப்புவான்? பழையபடி பஸ் ஏறி மேலூருக்கே போனார்கள்.

இதோடு ஒப்பிடவேண்டியது தேனிக்கதை. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் சின்னச் சின்னப் பார்வை மையங்கள் அமைத்தார்கள். கிராமத்து நோயாளி அங்கே உட்கார்ந்தபடி தேனியில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேசவேண்டும். அதற்கு நெட்வொர்க் வேண்டும். 2005 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று, நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே வகை வை-ஃபையை எடுத்து, அதன் நெறிமுறையைத் திருத்தி, திசை பார்த்து நிற்கும் ஆன்டெனா வைத்துப் பல கிலோமீட்டர் தூரம் போகும்படி செய்தது. வை-ஃபை நூறு அடிக்குள் வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் உடனே 'வந்து சேர்ந்தது' என்ற பதிலை எதிர்பார்க்கும். தூரம் கூடினால் பதில் வரத் தாமதமாகும், தாமதமானால் தொலைந்துபோனது என்று நினைத்து மறுபடி அனுப்பும், அதிலேயே நேரம் போய்விடும். இரண்டு முனையும் முறை வைத்துப் பேசும்படி அதை மாற்றினார்கள். டவர்களில் இருந்தவை லினக்ஸ் ஓடும் சின்ன போர்டுகள்.

அவர்கள் அனுபவத்தை 2008-இல் எழுதியபோது ரேடியோ, மென்பொருள் என்று எல்லோரும் எதிர்பார்த்த சங்கதிகளைவிட அதிக இடம் பிடித்தது மின்சாரம். வோல்டேஜ் ஏறுகிறது, இறங்குகிறது, போர்டு கருகுகிறது, ஃப்ளாஷ் கார்டு கெட்டுப்போகிறது. மின்சாரம் அரைகுறையாக வரும்போது போர்டு அணையவும் செய்யாமல் எழவும் செய்யாமல் நடுவில் தொங்குகிறது. அதற்காக, பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனால் சுத்தமாக வெட்டிவிடும் சாதனம் வைத்தார்கள். இ.இ.இ. படித்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கம்ப்யூட்டர் ஸயன்ஸ்காரர்கள் கடைசியில் நம்மிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

இன்னொரு விஷயம். நெட்வொர்க்கின் உள்ளே இருந்த பெட்டிகளை வெளியிலிருந்து தொடமுடியாது. அதனால் உள்ளே இருக்கும் பெட்டியே குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டு, 'நான் இருக்கிறேன், என் நிலவரம் இது' என்று சொல்லி, திரும்பி வர ஒரு சுரங்கப் பாதையும் திறந்துவைக்கும். இன்று வீட்டு சர்வர்காரர்கள் எல்லோரும் செய்கிற வித்தை இதுதான். கூடவே ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கே கேபிளைச் சரிபார்க்கவும் போர்டை மாற்றவும் பயிற்சி கொடுத்தார்கள். மேலூருக்கும் தேனிக்கும் தொழில்நுட்பத்தில் உள்ள வித்தியாசத்தைவிட இந்த இடத்தில் உள்ள வித்தியாசம் பெரிது என்று நினைக்கிறேன். ஒன்றில் கெட்டுப்போனால் ஆள் வரக் காத்திருந்தார்கள். மற்றதில் ஆள் அங்கேயே இருந்தார், அவருக்குச் சம்பளமும் இருந்தது.

அதே காலத்தில் சென்னையில் வேறொரு காரியம் நடந்தது. 2006, 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். 2007-இல் சென்னை சி-டாக், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டது. பிறகு 2011 செப்டம்பர் 15-இல் அரசு விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த சில வருடங்களில் கொடுக்கப்பட்டவை, அரசுக் கணக்குப்படி, ஐம்பது லட்சத்துக்கும் மேல். ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டராக லினக்ஸும் நுழைந்தது! நுழைந்ததை யாரும் தொடவில்லை என்பது வேறு விஷயம். பாதிப் பேர் சினிமாப் பாட்டுக்கு இடம் வேண்டுமென்று அந்தப் பாகத்தை அழித்தார்கள். ஸ்கூலில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இது என் நோக்கில் நம் மாநிலம் கைநழுவவிட்ட பெரிய வாய்ப்பு. மேலூர்ப் பாடத்தை யாரோ படிக்காமல் விட்டதால் வந்தது.

என் வீட்டு சர்வர் அப்படி வந்த ஒரு லேப்டாப்தான். தங்கைக்கு பிளஸ் டூவில் கிடைத்தது. 2 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க். கீ-போர்டில் நான்கு எழுத்து விழாது, ஸ்கிரீனில் ஒரு கோடு. சர்வருக்கு இரண்டும் தேவையில்லை. ராமைக் கூட்டி, ஒரு 2 டிபி டிஸ்க் மாட்டி, டெபியன் போட்டு, பீரோமேல் வைத்திருக்கிறேன். சராசரி 15 வாட் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் சொச்சம். அப்பாவிடம் இந்தக் கணக்கை எழுத்துமூலம் சமர்ப்பித்திருக்கிறேன்.

லேப்டாப்பை சர்வராக்குவதில் ஒரு லாபம், யு.பி.எஸ். உள்ளேயே இருக்கிறது. 2012-இல் மதுரையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதை மறந்திருக்கமாட்டீர்கள், அப்போது இறுதியாண்டில் மெழுகுவத்தியோடு படித்த பேட்ச் எங்களுடையது. இன்று நிலைமை அப்படியில்லை. வில்லாபுரத்தில் மாதாந்திரப் பராமரிப்பு நாள் ஒன்று வரும், காற்று மழைக்குக் கொஞ்சம் போகும். ஆனால் ஜூனியர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இருபத்துநாலு மணி நேரமும் நூறு சதவீத சார்ஜில் வைத்தால் பேட்டரி உப்பும். எண்பதோடு நிறுத்தும்படி செட்டிங் செய்யுங்கள், வசதி இல்லாத மாடல் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வெளியே சின்ன யு.பி.எஸ். வையுங்கள். பீரோமேல் தீ வேண்டாம்.

அடுத்த தலைவலி முகவரி. பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2011 ஏப்ரலில் நம் ஆசியப் பகுதிக்கு இருந்த தாராளக் கையிருப்பு தீர்ந்துபோனது. அதனால் இன்டர்நெட் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுக்கின்றன. ஹவுசிங் போர்டு பிளாக் முழுவதுக்கும் ஒரே கதவிலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே போகலாம், கேட்டது உங்களுக்கு வந்து சேரும், ஆனால் வெளியூரிலிருந்து ஒருவர் உங்களைத் தேடி வந்தால் வாட்ச்மேனுக்கு உங்களைத் தெரியாது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, தேனியில் செய்த சுரங்கப்பாதை. இன்னொன்று, ஐ.பி. ஆறாம் பதிப்பு. அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து இந்தியா இதில் உலகத்தின் முன்வரிசையில் இருக்கிறது. நம்மவர்கள் பலருக்குத் தெரியாமலே போனில் இருக்கிறது. முகவரி இருக்கிறது என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டு வைக்காதீர்கள், திறந்த அரை மணி நேரத்தில் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் யாராவது கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார்கள். லாகைத் திறந்து பார்த்தால் தெரியும்.

அந்த லேப்டாப்பில் குடும்பப் போட்டோ, அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள், பழைய பாடல்கள், அக்கா பிள்ளைகளுக்கு ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் எல்லாம் ஓடுகின்றன. கேம் பற்றி என் கருத்தைக் கேட்டால் இதுதான்: எந்த கேமுக்கு சர்வரை நாமே ஓட்டமுடியுமோ அது நம்முடையது. 1993 டிசம்பரில் 'டூம்' வெளிவந்தபோது அதை ஏற்றிவைத்த விஸ்கான்ஸின் பல்கலைக்கழக சர்வர் கூட்டம் தாங்காமல் திணறியது. 1997-இல் அதன் மூல நிரலைக் கொடுத்துவிட்டார்கள், அதனால் இன்றும் எதில் வேண்டுமானாலும் ஓடுகிறது. எங்கள் காலத்தில் ஹாஸ்டல் லேனில் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடினோம், சர்வர் என்பது மூன்றாவது மாடி ரூமில் ஒருவனின் அஸெம்பிள்டு பி.சி. அவன் தூங்கப்போனால் யுத்தம் நின்றுவிடும். ஆனால் எழுப்பினால் மறுபடி தொடங்கும்! 2014-இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமைப் பாருங்கள். 2024 மார்ச் 31-இல் கம்பெனி சர்வரை அணைத்தது, காசு கொடுத்து வாங்கியவர்களிடமும் அது ஓடாது. அதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்தில் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நம்மூரில் 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி தடைசெய்யப்பட்டபோது பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் அந்த கேமில் பெரிய அபிமானம் இல்லை. ஆனால் ஒரு கையெழுத்தில் கோடிக்கணக்கான பேர் கையில் இருந்த ஒரு பொருள் மறைந்துபோகிறது என்பதைக் கவனித்து வைத்தேன்.

மென்பொருளுக்கும் அதே அளவுகோல்தான். சினிமா, பாட்டு ஓட்டுவதற்கு எம்பி என்ற மென்பொருள் இருந்தது. 2018-இல் அவர்கள் மூல நிரலை மூடியதும், அந்த டிசம்பரிலேயே சிலர் பழைய திறந்த பதிப்பை எடுத்து ஜெல்லிஃபின் என்று தொடர்ந்தார்கள். என் வீட்டில் ஓடுவது அதுதான். திறந்த மென்பொருளில் பிரச்னையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2024 மார்ச் 29-இல் வெளியான எக்ஸ்.இசட். விவகாரம் ஞாபகமிருக்கிறதா? ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் ஒரு சுருக்குக் கருவி. அதைப் பல வருடம் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர். அவருக்கு உதவுவதுபோல் புனைபெயரில் ஒரு ஆசாமி வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் ரகசியக் கதவு வைத்தான். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினியர். எப்படி? லாகின் ஆக வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவருக்கு உறுத்தியது. அந்த அரை விநாடி எனக்குப் பெரிய நாவலைவிடச் சுவாரஸ்யமாக இருந்தது. டெபியனின் நிலையான பதிப்பு தப்பித்தது, காரணம் அது எப்போதும் கொஞ்சம் பழையதாக இருக்கும். புதுசு வந்தவுடன் போடுகிற ஜூனியர்கள் கவனிக்க.

மூடிய பக்கத்துக்கு உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட், 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் நின்றன, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். டெக் செய்திகள் நமக்குப் புதுப் போனின் கேமராவைப் பற்றிப் பத்து நாள் சொல்கின்றன. இந்த மாதிரி விஷயங்கள் இரண்டு நாளில் போய்விடுகின்றன. என்ன மூடினார்கள், எதை நிறுத்தினார்கள் என்பதற்கு ஒரு பத்தியாவது வாராவாரம் வேண்டும். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது, ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடியது. இரண்டிலும் தமிழில் எழுதியவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

தமிழ் என்றதும் நான் இதை எழுதவந்த விஷயத்துக்கு வருகிறேன். யூனிகோட் தமிழ் 1991-இல் முதல் பதிப்பிலேயே இருந்தாலும், நம் கம்ப்யூட்டர்களில் அது வேலைசெய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000-க்குப் பிறகு. அதுவரை ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒரு தனி ராஜ்யம். ஆங்கில எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை ஒளித்துவைப்பார்கள். டைப்ரைட்டர் முறைப்படி அமைந்த பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்' என்ற சொல் கம்ப்யூட்டருக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஃபான்ட் இருக்கும்வரை தமிழ், இல்லாவிட்டால் அந்த ஐந்து கிறுக்கல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது, தமிழ்99 கீ-போர்டு அதன் வழியாக வந்தது. 2010 ஜூனில் அரசு யூனிகோடை முறையாக ஏற்றது.

இந்தக் குழப்பத்தின் நடுவே, 1998 பொங்கலன்று, ஸ்விட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் பெயர் 'மதுரைத் திட்டம்'. கட்டடம் கிடையாது, சம்பளம் கிடையாது. பல நாடுகளில் இருந்தவர்கள் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து, இன்னொருவர் பிழைதிருத்தி அனுப்பினார்கள். முதலில் ஒரு ஃபான்ட், பிறகு திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம், 2004-இலிருந்து யூனிகோட் என்று மூன்று முறை துணி மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், எந்த எழுத்து எந்த எண் என்ற அட்டவணை அவர்கள் கையில் இருந்தது. நூற்றுக்கணக்கான நூல்கள் இன்று யார் டிஸ்கிலும் இருக்கலாம். என் பீரோமேலும் இருக்கின்றன, எல்லாம் சேர்ந்தும் ஒரு சினிமாப் பட அளவு வராது.

நம் சங்கத்தின் மலர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. போன வருடம் சங்க அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு டப்பா ஃப்ளாப்பிகளும் ஏழெட்டு சி.டி.களும் கிடைத்தன. 1990களின் நடுவிலிருந்து பத்து வருட மலர்களின் டி.டி.பி. ஃபைல்கள். ஃப்ளாப்பிகளில் பாதி படிக்கவில்லை, பூஞ்சை. படித்தவற்றைத் திறந்தால் திரையில் ஆங்கில எழுத்தும் நட்சத்திரக் குறியுமாக ஒரு தாண்டவம். அச்சடித்துக் கொடுத்த டி.டி.பி. சென்டர் எப்போதோ மூடிவிட்டது, அவர்கள் பயன்படுத்திய ஃபான்ட் யாரிடமும் இல்லை. பைட் பைட்டாக எண்களை எடுத்து, அச்சிட்ட ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்து, எந்த எண் எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன். கல்வெட்டு படிப்பதுபோலத்தான். ஒரு பழைய மலரின் முதல் பக்கத்தில் முதல்வர் உரை, அப்புறம் மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி என்று எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தமிழாகி வந்தபோது இரவு ஒன்றரை மணி. அட்டவணையில் 247-க்கும் வேண்டிய வடிவங்களில் இன்னும் பதினாறு பாக்கி. அவை வருகிற சொற்கள் என் கையில் இருக்கும் பிரதிகளில் இல்லை.

அதனால் அச்சுப் பிரதிகள் வேண்டும். 1994 முதல் 2003 வரை வந்த மலர்கள் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் ரீயூனியன் அன்று எடுத்துவாருங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. லைப்ரரி வராந்தாவில் ஸ்கேனர் வைத்துக்கொண்டு காலை ஒன்பது மணியிலிருந்து இருப்பேன். புத்தகத்தைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்து அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பக்கங்களைப் படிக்க டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழைய அச்சில் ஒற்றுக்குப் புள்ளியைத் தவறவிடும், றகரத்தையும் நகரத்தையும் கேலி செய்யும், பிழைதிருத்த ஆள் வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் ஆறு பேர் வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மலர் முடியும். முடிந்தவற்றை யூனிகோடில் மூன்று பிரதி எடுக்கிறோம்: ஒன்று கல்லூரி லைப்ரரி கம்ப்யூட்டரில், ஒன்று என் வீட்டில், மூன்றாவதுக்கு மதுரைக்கு வெளியே, தரைத்தளம் அல்லாத ஒரு வீடு தேவைப்படுகிறது. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று அங்கிருக்கும் சீனியர்களுக்குத் தெரியும். டிஸ்க்கை நான் கொண்டுவந்து தருகிறேன், பீரோமேல் இடம் இருந்தால் போதும்.